விழுந்த இடம்

தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்து
பீரங்கி வெடித்து,
குண்டு போய் விழுந்த மட்டும் எங்கள் மண் என்றார்களாம்
கப்பலில் வந்தவர்கள்.
அந்தப் பெயரில் கடலூரில் இன்னும் ஒரு சாலை இருக்கிறது.

பேரரசுக்கும் அந்தக் கணக்கு பிடித்துப்போயிற்று.
கெடிலம் கடலைத் தொடும் மணல்மேட்டில் மேடை கட்டினோம்.
விசையை அழுத்தியவன் அஞ்சாப்புலி.
இந்த முறை குண்டு, ஒளி.

விழும் இடத்தைக் குறித்துவர என்னை அனுப்பினார்கள்.
உறைதூக்கத்துக்கு முதுநகர் ஐஸ் கம்பெனியில்தான்
படுக்கவைத்தார்கள்;
நண்டு வாடை இன்னும் போகவில்லை.
கையில் ஒரு படிவம், மூன்று படிகள்.

முதல் உலகத்தில் அறிவிப்பை வாசித்தேன்:
குண்டு உங்கள் தலைக்கு மேலே போய்விட்டது,
ஆகவே நீங்கள் எங்கள் குடிகள்.
வரி கட்டினார்கள்.
இரண்டாம் உலகத்தில் சுட்டார்கள்.
பதினேழு பேரை அங்கேயே விட்டு வந்தேன்,
பெயர்களைப் படிவத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டு.
மூன்றாவதில்
உப்பு வாரிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.
"விழுந்துடுச்சா?"
இன்னும் இல்லை.
"அப்ப விழுந்தப்புறம் வா."

திரும்பி ஏறும்போது தளத்திலிருந்து சேதி,
அறுநூறு வருடம் நடந்து வந்த சேதி:
புயல். மேடை கடலுக்குள்.
அஞ்சாப்புலியோடு நாற்பது பேர்.
அடியில், வழக்கம்போல்,
படிவத்தை உடனே அனுப்பவும்.

ஒளி போய்க்கொண்டேதான் இருக்கிறது.
கட்டத்தில் எழுதினேன்:
விழுந்த இடம், தேவனாம்பட்டினம்.

சாட்சிக் கையெழுத்துக்குத்தான்
ஆள் இல்லை.