கொசுறு

வில்லிவாக்கம் ஸ்கேன் சென்டரில்
டோக்கன் போடுவது என் வேலை.
கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று
கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்
என்றொரு பலகை உண்டு அங்கே.
எனக்குப் பின்னால் மாட்டியிருப்பதால்
ஒன்பது வருஷத்தில்
இரண்டு தடவைதான் படித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால்
செருப்பைக் கழற்றும் முன் டார்ச்.
டிவிக்குக் கீழே இரண்டடித் தொட்டி,
அதில் வயிறு சதுரமாகிவிட்ட ஒருத்தி.
வால் பக்கத்துக் கரும்புள்ளிக்குள்
வெளிச்சம் பட்டால் தெரியும்
கடுகு கடுகாய்க் கண்கள்.
இன்னும் பிறக்காதவை
என்னைப் பார்க்கின்றன,
அல்லது டார்ச்சை.

இன்று ராத்திரி. தப்பினால் நாளை.
ஸ்பாஞ்சு ஃபில்டர் மூலையில்
அசையாமல் ஒதுங்கிவிட்டாள்.
பிரசவப் பெட்டி என்று ஒரு பிளாஸ்டிக் டப்பா
கொளத்தூரில் விற்கிறார்கள்;
அதில் விட்ட முதல் மீன்
பயத்திலேயே செத்தது.
அன்றிலிருந்து பாசிதான்,
கை கொள்ளும் அளவு, திணித்து.

ஒரு காற்புள்ளியாய்ச் சுருண்டு விழும் குஞ்சு.
நிமிர ஒரு நொடி.
அந்த நொடியில்தான் அம்மா திரும்புவாள்.
பசி என்றில்லை.
எதிரே ஏதோ அசைகிறது, வாய் திறக்கிறது.
முதல் தடவை
கண்ணாடியைத் தட்டித் திட்டினேன்.
இப்போது முன்கூட்டியே
வயிறு முட்டத் தீனி போடுகிறேன்.
திட்டைவிட அது வேலை செய்கிறது.

முப்பத்தொன்று பிழைத்தன.
அவித்த மஞ்சள்கருவைப்
பழைய துப்பட்டா நுனியில் கட்டிப் பிழிந்தால்
நீருக்குள் ஒரு மஞ்சள் புகை.
மிச்சத்தை மறுநாள் ட்யூப் வைத்து உறிஞ்ச வேண்டும்
(ஒரு மடக்கு உள்ளே போயிருக்கிறது.
யாரிடமும் சொன்னதில்லை).
மெட்ரோ லாரி வந்த அன்று
குளோரின் போகட்டுமென்று
இரண்டு பக்கெட் மொட்டை மாடி வெயிலில்.
'தண்ணியையா வத்தல் போடுறம்மா?'
என்றார் ஹவுஸ் ஓனர் நசீர் பாய்.

நாலாவது வாரமே பிரித்திருக்க வேண்டும்.
லீவில் போன வசந்தாவுக்கும் சேர்த்து
டோக்கன் போட்டதில்
ஆறாகிவிட்டது.
வயிற்றடித் துடுப்பு விசிறியாய் இருந்தால் பெண்.
குச்சியாய்க் கூர்ந்திருந்தால் ஆண்.
லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு
ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்,
யாருமில்லாத வீட்டில், சத்தமாக:
ஆண். பெண். பெண். ஆண். பெண்.
வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.
எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை, கொளத்தூர்.
ஜெயசீலன் பாக்கெட்டை வெயிலில் தூக்கி
சுண்டிப் பார்த்தார்.
'ஆம்பள பதினாலுக்கும் காசு.
மத்ததுல கலரே இல்லையே.
வச்சிட்டுப் போ,
வாங்குறவனுக்குக் கொசுறா குடுத்துக்கிறேன்.'
கொசுறைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.
பஸ்ஸில் மடியில் பதினேழு.
கண்டக்டர் பாக்கெட்டையும் பார்த்து
என்னையும் பார்த்து
மகளிர் சீட்டு ஒன்றைக் கிழித்தார்.
சும்மாதான். எனக்கும்.

செவ்வாய்க்கிழமை பொற்செல்வி வந்தாள்,
கார்ப்பரேஷன், கொசு ஒழிப்பு.
அவள் கையிலும் டார்ச்.
டிரம், பூந்தொட்டி, ஃபிரிட்ஜின் பின்புறம்,
எல்லாம் பார்த்துவிட்டுத் தொட்டி முன் நின்றாள்.
'பின்னால கெணறு தொறந்து கெடக்குக்கா.
இதுங்க புழு தின்னும். குடேன்.'
பதினேழையும் பக்கெட்டில் இறக்கினோம்.
கயிறு போதாமல்
அவள் துப்பட்டாவையும் முடிந்து.
'எல்லாம் பொட்டையா? அப்ப பெருகாது' என்றாள்.
நான் அந்த ஆறாவது வாரத்தைப் பற்றி
வாய் திறக்கவில்லை.
ஒரே ஒரு சேர்க்கையை
மாதக்கணக்கில் உள்ளே மடித்து வைத்து
வேண்டும்போது வேண்டுமளவு
எடுத்துக்கொள்ளும் ஜாதி அது.

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள்
கிணற்று விளிம்பில் இரண்டு டார்ச்.
நீர் ஏறி, கைக்கெட்டும் தூரத்தில்.
முதலில் ஒன்றுமில்லை,
ஒரு ரொட்டித் துண்டு, ஒரு செருப்பு.
பிறகு ரொட்டி நகர்ந்தது.
பிறகு நீரின் தோலே நகர்ந்தது.
நூறு, இருநூறு,
மேலிருந்து பார்த்தால் எல்லாம்
ஒரே சாம்பல் கோடு.
'எது ஆம்பள எது பொம்பளன்னு
தெரியுதாக்கா?'
கேட்டது அவள்தான்.
பதிலுக்கு நிற்காமல்
நோட்டைத் தொடையில் வைத்து,
கிணறு, புழு, என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினாள்.