அரைப்பேர்

சட்டமூலத்துக்கு மூன்று மதிப்பு உண்டு என்று
அந்தக் கிழமைதான் தெரிந்துகொண்டேன்.
முதலாம் மதிப்பு, இரண்டாம் மதிப்பு, மூன்றாம் மதிப்பு.
இராகலை பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால்
என் போட்டோக்கொப்பிக் கடையில்
அதைச் சொன்னபோது செபமாலை சிரித்தாள்.
"நமக்கு ஒன்னே கிடைக்கல,
கடதாசிக்கு மூனா?"

வர்த்தமானியின் தமிழ்ப் பிரதி
சிங்களப் பிரதிக்கு எட்டு நாள் பிந்தி வந்தது.
முப்பத்திரண்டு பக்கம்.
கொப்பிக்குக் காசு வாங்கவில்லை என்று எழுத ஆசை.
பாதி வாங்கினேன்.
டோனர் கடனில் இருந்தது.

பதினோராம் வாசகம்:
"தோட்டத்தில் பணிபுரியும் ஆள் எவரும்
தாம் வதியும் வீட்டுக்கு உரித்துடையவராவர்."
மூன்று தரம் படித்தேன். நல்லதாகத்தான் பட்டது.
சந்தனசாமிதான் விரலை வைத்தார்,
இருபத்தெட்டு வருசம் கொழுந்து வாட்டிய விரல்,
'பணிபுரியும்' மேல்.
"எனக்கு மாசியோட பேர் வெட்டியாச்சு.
அப்ப நான் யாரு?"

என் தங்கச்சி கட்டுநாயக்காவில் தைக்கிறாள்.
செபமாலையின் புருசன் குவைத்தில் ஓடுகிறான், யாரோ ஒருவரின் லொறி.
கீழ்ப்பிரிவில் அறுபது காம்பரா.
ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம்:
முப்பத்தொன்றில் அடுப்பு எரிகிறது,
சட்டப்படி ஆள் இல்லை.

'அல்லது வசிக்கும்'.
ஒன்பது எழுத்து. அவ்வளவுதான் கேட்டோம்.

உறுப்பினரின் செயலாளர்
முதல் நாள் கூட்டத்தில் இருந்தார்,
மறுநாள் வழியில் இருந்தார்,
ஐந்தாம் நாள் நான் வாயைத் திறக்குமுன்னே
"இராகலையா?" என்று பெருமூச்சு விட்டார்.
அன்று மூன்று பேரும் பிளேன்டி குடித்தோம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் செபமாலை கையெழுத்து வாங்கினாள்.
கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டு
முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.
இரவு கடை பூட்டும் நேரம் வந்து
கடைசி வரியில், எறும்பு அளவில், தானும் வைத்தார்.

அனுப்புநர் விலாசத்தில் பேனை நின்றது.
லயத்துக்கு இலக்கம் கிடையாது.
பதில் வந்தால் தோட்ட ஆபீசில் கிடக்கும்,
எத்தனை மாதம் என்று துரைக்கும் தெரியாது.
என் கடை விலாசத்தைப் போட்டோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்
ஒரே ஷட்டருக்குள் குடிவந்தார்கள்.

குழு அறையில் எங்களுக்கு ஏழு நிமிடம்.
குளிர் எங்களுக்குப் புதிதில்லை,
ஆனால் அந்தக் குளிருக்கு ஜன்னல் இல்லை.
ஐந்து இரவு மனப்பாடம் செய்ததை
சந்தனசாமி மைக்கைக் கண்டதும் மறந்தார்.
தண்ணீர் குடித்தார். பிறகு கேட்டார்:
"ஐயா, என் கதவ நீங்க தட்டுனா
உள்ளேருந்து 'யாரு'ன்னு ஒரு சத்தம் வரும்.
அது பணிபுரியுற சத்தமா, வசிக்கிற சத்தமா?"
மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தடுமாறினார்.
ஒருவர் சிரித்தார்.
ஒரு பெண் உறுப்பினர் எதையோ எழுதினார்.

இரண்டாம் மதிப்பு நடந்த அன்று
கடைக்குள் இருபது பேர், ஒரு போன்.
வாதம் சூடுபிடித்த இடத்தில் டேட்டா முடிந்தது.
கார்ட் வாங்கிக் கீறுவதற்குள்
சபை மதியபோசனத்துக்குப் போய்விட்டது.

குழுநிலையில் எங்கள் சொல் ஏறியது.
தனியாக ஏறவில்லை.
'அல்லது ஓய்வுபெற்று வசிக்கும்'.
நடுவில் யார் அதைச் செருகினார்கள் என்று
செயலாளருக்கும் தெரியாதாம்.

சந்தனசாமிக்கு வீடு உண்டு.
என் தங்கச்சிக்கு இல்லை.
குவைத்தில் ஓடுகிறவனுக்கு இல்லை.

செபமாலை கடதாசியை மடித்தாள்.
"கிலோ கொறஞ்சா போடுவாங்களே,
அதே அரைப்பேர்தான்."
யாரும் பேசவில்லை.
வெளியே நுவரெலியா பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது.

வென்றவர்தான் கூச்சத்தோடு நின்றார்,
பிறர் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் பிடித்தவர்போல.
"திருத்தச் சட்டமூலம்னு ஒன்னு இருக்காமே,
அதுக்கும் மூனு மதிப்பா?"
"மூனும்தான்."
"சரி. பழைய மனுவ எடு,
பேர மட்டும் மாத்துவோம். மொதல்ல என்னோடத."

மெஷினில் சிவப்பு விளக்கு மினுக்கியது.
உருளையைக் கழற்றிக் குலுக்கி மறுபடி போட்டேன்.
முதல் பக்கம் மங்கலாகத்தான் வந்தது.