காரணம் நான்கு

தமிழில் வரும் வீடியோ எல்லாம் என் மேசைக்கு,
அந்த மாடியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால்.
ஒன்-நார்த், பதினோராம் தளம்.
குளிர் அதிகம். நாற்காலிக்கு ஒரு ஸ்வெட்டர் தொங்கும்.
ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது.
பார், பொருத்து, அழுத்து.
அழுத்தினால் எங்கோ ஒருவருடைய சாயங்காலம்
சாம்பல் நிறப் பெட்டியாகிவிடும்.

அவர் பெயர் ரெஜினா சவரிமுத்து.
ஈசூன் டிப்போவில் பேருந்து ஓட்டுகிறவர்.
அவரே சொன்னது, முதல் நிமிடத்தில்,
வணக்கத்துக்கும் கொட்டாவிக்கும் நடுவில்.
பார்த்தவர்கள் முப்பத்தேழு பேர்.
என்னோடு முப்பத்தெட்டு.

எங்கள் ஆட்டத்தில் நகரம் மூழ்கிக் கிடக்கும்.
ஏழு கழுத்துள்ள ஒன்று அடியில் சுற்றும்.
அதைக் கொல்வதற்காகத்தான்
எண்பது மில்லியன் வெள்ளி செலவழித்து
அதை உண்டாக்கினோம்.
ரெஜினா அதன் பக்கமே போகவில்லை.
தண்ணீருக்கு மேலே துருத்திய மணிக்கூண்டில் படகைக் கட்டினார்.
தூண்டிலைப் போட்டார்.
நான்கு மணி நேரம்.

எங்கள் மீன்களுக்குப் பெயர் கிடையாது,
கோப்பில் எண்கள்தான்.
அவர் வைத்தார்.
"இது கொடுவா. வாயைப் பாரு, எங்க சூப்பர்வைசர் மாதிரி."
"இது கிழங்கான், மஞ்சள் போட்டுப் பொரிச்சாப் போதும்."
"ஐயோ, சங்கராக் குட்டி. போ, போ" என்று திரும்ப விட்டார்.
விட்டால் புள்ளி குறையும். குறைந்தது.
இடையில் ஜன்னலுக்கு வெளியே எம்ஆர்டி ஒன்று கடந்தது.
ஓடி வரும் பயணிக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பதுபோல
அது போய் முடியும்வரை பேசாமல் இருந்தார்.
கடைசியாக ஒன்று, உடம்பில் நீலக் கோடு, வாலில் விளக்கு.
"இதுக்குப் பேர் தெரியல.
நாளைக்கு மார்க்கெட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்."

கடல் எங்களுடையது.
அலை, அலையின் ஓசை,
எப்போதும் மாலை ஆறாகவே இருக்கும் அந்த வெளிச்சம்,
படகு, கயிறு, கயிற்றின் முடிச்சுகூட.
பொருத்தம் தொண்ணூற்றாறு விழுக்காடு என்றது கருவி.
மீதி நான்கு
கொட்டாவி, ரயில், கொடுவா, இப்படி ஏதாவது இருக்கும்.
அழுத்தினேன்.
சாப்பிடப் போனேன். அன்று யோங் டாவ் ஃபூ.

எட்டு நாள் கழித்து முறையீடு வந்தது,
ஆங்கிலம் கேட்கும் கட்டத்துக்குள் தமிழில்:
"ஐயா, மீன் உங்க மீன்தான்.
நான் வச்சுக்கல, பாதிக்கு மேல திருப்பி விட்டுட்டேன்.
பேசினது மட்டும் நான்.
அதை மட்டும் தர முடியுமா?
என்கிட்ட வேற காப்பி இல்ல."

வெய் லிங் நாற்காலியோடு உருண்டு வந்தாள்.
என்ன சொல்கிறார்கள்?
மொழிபெயர்த்தேன்.
மீன் வரைக்கும் நன்றாகத்தான் வந்தது, அப்புறம் தடுக்கியது.
பேச்சை மட்டும் பிரிக்க நம்மிடம் பட்டன் இல்லையே, என்றாள்,
வருத்தமாகத்தான்.
இல்லை. பட்டியலில் இருப்பவை ஆறு காரணங்கள்.
நான்காவது: உரிமை நிறுவப்படவில்லை.
அதற்கும் ஒரு அழுத்து.

சனிக்கிழமை ஈசூன் ஈரச் சந்தைக்குப் போனேன்.
நான் இருப்பது ஜூரோங்கில். அங்கேயும் மீன் விற்கிறார்கள்.
அலுவலகக் கோப்பிலிருந்து படம் எடுக்கக் கூடாது,
எடுத்திருந்தேன்.
மீன்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
என் கைப்பேசியை எட்டிப் பார்த்தார்.
பஸ் ஓட்டுகிற அம்மா ஒருத்தர், யூனிஃபார்மோடு வந்து
ரசீதின் பின்பக்கம் இதையேதான் வரைந்து காட்டினார்,
வாலில் விளக்கெல்லாம் போட்டு, என்றார் மலாயில்.
இது மீனே இல்லை என்றேன். விடவில்லை.
சரி என்று ஒரு பேர் சொன்னேன்.
சிரித்துக்கொண்டே போனார்.

என்ன பேர்?

பக்கத்தில் ஒருவர் வெள்ளை வவ்வால் ஒரு கிலோ கேட்டார்.
கத்தி இறங்கியது. குழாயைத் திறந்தார்.
என் சட்டையில் இரண்டு செதில்
ஒட்டியிருந்ததை
ரயிலில்தான் பார்த்தேன்.