நாலில் தொடங்கும் கோல்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரேயொரு மீற்றர் கோல்.
அதன் முதல் நாலு சென்ரிமீற்றரைப்
போன மாரியில் கறையான் தின்றுவிட்டது.

அளத்தல் வாரம் என்று வலயத்திலிருந்து கடிதம்.
கூடவே படிவங்கள் ஆறு, பிரிஸ்டல் போர்ட் இரண்டு.
பிள்ளைகள் இருபத்திமூன்று,
ஐந்து தரத்துக்கும் இரண்டு அறை,
அதிபர் சூசைநாயகம், நான்.

"வாசிச்சதில நாலைக் கழியுங்கோ" என்றேன்.
தரம் ஐந்து கழித்தது.
தரம் இரண்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது.
திங்கள் மத்தியானத்துக்குள்
வாங்கு, வாளி, கிருசிகாவின் பின்னல்
எல்லாம் நாலு நாலாய் நீண்டிருந்தன.

அன்றிரவு யானை வந்தது.
அம்பகாமக் காட்டுப் பக்கத்தால் இறங்கி
முள்ளுக்கம்பியைச் சாய்த்து
தோட்டத்து வாழை மூன்றையும் முடித்து
தண்ணீர்க் குழாயை முறுக்கிவிட்டுப் போயிருந்தது.
குழாயடிச் சேற்றில்
முன்னங்கால் ஒன்று மட்டும்,
தோலின் வெடிப்புக்கூடத் தெரிகிற மாதிரி.

அதிபர் கைபேசியில் ஆரோடோ கத்திக்கொண்டு நிற்க
வேணுஜன் பட்டநூலை அவிழ்த்துச் சுற்றிவரப் பிடித்தான்.
"காலின்ர சுற்றளவு ரெண்டு மடங்கு.
அதுதான் ரீச்சர் ஆளின்ர உயரம். அப்பா சொன்னவர்."
அவனுடைய அப்பா வயற்காவலுக்குப் பரணில் படுப்பவர்.
நான் மறுக்கவில்லை.

நூல் ஒரு கோலுக்கு அடங்கவில்லை.
இரண்டு தரம் வைத்தார்கள், இரண்டு தரமும்
தரம் இரண்டு நாலை மறந்தது.
தரம் ஐந்தின் யானை இருநூற்றி நாற்பத்திநாலு.
தரம் இரண்டின் யானை இருநூற்றி அறுபது.
மேசையில் ஏறிச் சுவரில் இரண்டு கோடும் கீறினேன்,
மேல்கோடு தகரத்தில் இடித்தது.
மணி அடித்த பிறகும்
ஒவ்வொருவராய் வந்து கீழே நின்று
அண்ணாந்து பார்த்தார்கள்.
படிவத்தில் அதற்கு ஒரு நிரல் இல்லை.

புதன்கிழமை மாங்குளத்தில் பஸ்ஸுக்குக் காற்றுப் போனது.
நான் வந்து சேர்ந்தபோது
கொடிக்கம்ப நிழலின் நுனியில் கல் அடுக்கியபடி இருந்தார்கள்.
"ரீச்சர் மூண்டு கல்லுப் பிந்தி."
அதிபர் வரவுப் பதிவேட்டில் அதையே எழுதியிருந்தார்.
பிறகு வெட்டி, மணி போட்டிருந்தார்.

மருத்துவமாது தராசோடு வந்த நாள்
மதுமிளா வரிசையில் கடைசிக்குக் கடைசியாய் நழுவினாள்.
பதினாலு கிலோ.
பொடியள் சத்தம் போடாமல் பார்த்தார்கள்.
அபிசன் பின்னால் வந்து
அவளுடைய சட்டைப் பைக்குள்
நேற்றைய நிழற்கல் ஒன்றைப் போட்டான்.
முள் அசைந்தது.
அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
இன்னொருமுறை ஏறச் சொன்னா.
அபிசன் இன்னொரு கல் போட்டான்.
நான் பதினாலு என்றுதான் எழுதினேன்.
பகல் சோற்றில் இரண்டாம் அகப்பை அவளுக்குப் போனதை
எழுதவில்லை.

கடைசி நாள் சிறுவர் சந்தை.
பயற்றங்காய், முருங்கையிலை, நாலு முட்டை,
ஓலைப் பெட்டி நிறையப் பாலைப்பழம்.
வலயத்தால் வந்த ஐயா குனிந்து கேட்டார்:
"ஒரு சுண்டு எத்தனை மில்லிலீற்றர்?"
கிருசிகா சுண்டைக் குவித்துக் காட்டினாள்.
"இப்பிடியெண்டா நூற்றியிருபது ரூபாய்.
தட்டினா நூறு."
அவர் குவித்தே வாங்கினார்.
எண்ணெய் தடவாமல் தின்றவருக்கு
பாலைப்பால் உதட்டை ஒட்டிப் பிடிக்க,
உரையின் முதற் பந்தி
கடைசிவரை வெளியே வரவில்லை.
அதிபர் தேங்காயெண்ணெய் தேடி ஓடினார்.

வாய் திறந்ததும் அவர் சொன்னது:
"உங்களுக்குப் புதுக் கோல் ஒன்று அனுப்புறன்."
எல்லாரும் கை தட்டினார்கள், தரம் இரண்டைத் தவிர.
அவர்கள் சுவரைப் பார்த்தார்கள்,
தகரத்தை இடிக்கிற அந்த மேல்கோட்டை.
"ரீச்சர்" என்றான் ஒருவன்,
"புதுக் கோல் வந்தா
எங்கட யானை சின்னனாப் போயிடுமோ?"