தீக்குச்சிச் சாட்சி

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை கிடையாது.
பெண்டிகோ ரயிலில் ஏறிவிடுவேன்,
தயிர்சாத டப்பாவும் இரண்டு பென்சிலுமாக.
ஆவண அறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை.
நூற்றுமுப்பது வருஷத்து மையின் மேல்
புது மை சிந்திவிடுமாம்.

கோப்பில் பதினான்கு தாள்.
ஹெஸ்டர் டிரெவாஸ்கிஸ், வயது முப்பத்தொன்று,
துணி வெளுப்பவள், புருஷன் சுரங்கத்தோடு போனவன்.
1887 ஆகஸ்டில் கழிமண் குட்டையில்
முகம் கவிழ்ந்து கிடந்தாள்.
பையில் ஒரு சீப்பு, ஒன்றரை ஷில்லிங்,
எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி.
கான்ஸ்டபிள் மக்ரோரி அந்தத் தெருவின்
பத்தொன்பது கதவிலும் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்.
பத்தொன்பது தடவை ‘பொருந்தவில்லை’ என்று
பொறுமையாக எழுதியும் வைத்திருக்கிறார்.
அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு பிரியம்.

தீர்ப்பு:
நீரில் மூழ்கிக் கிடந்தாள்,
நீருக்குள் எப்படிப் போனாள் என்பதற்குச் சாட்சியம் இல்லை.
முழுப் பூசணிக்காய். அதை மறைக்க
ஒரு பிடிச் சோறு.

பதிப்பாளர் லோர்னா கேட்கிறாள்,
சரி, யார்தான் செய்தது?
கடைசி அத்தியாயத்தில் ஒரு பெயர் வேண்டும்,
பெயர் இல்லாவிட்டால் விமான நிலையக் கடையில் போகாது.
கைவசம் மூன்று பேர் இருக்கிறார்கள்.
ஒரு ராத்திரி எஞ்சின் டிரைவரைக் கொலைகாரனாக்கி எழுதினேன்.
சரளமாக வந்தது, பயந்துபோனேன்.
விடிந்ததும் அழித்தேன்.
அவர் வம்சத்தில் யாராவது ஈகிள்ஹாக்கில்
இன்றைக்கு ரொட்டி விற்றுக்கொண்டிருக்கக் கூடும்.

ஒன்பதாவது தாளை
ஆறு மாதமாக வேகமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
ஆ கிட், காய்கறித் தோட்டக்காரர்.
தீக்குச்சியை ஊதி அணைத்துச் சத்தியம் செய்தார்.
பொய் சொன்னால் என் உயிரும் இப்படி அணையட்டும் என்று அர்த்தமாம்.
அவர் ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று
யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.
மறுநாள் செய்தித்தாள் சொல்கிறது:
சீனர் கைகளை வீசி வீசிக் கால்மணி நேரம் பேசினார்,
அவையில் சிரிப்பு.
தாளில் இருப்பது:
‘ஒரு விளக்கைப் பார்த்தேன். வேறொன்றும் தெரியாது.’
கீழே ஒரு பெருக்கல் குறி.
ஓரத்தில் சின்ன எழுத்தில்,
மொழிபெயர்ப்பாளருக்குப் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ்.

மற்ற நாளெல்லாம் என் பிழைப்பும் அதுதான்.
ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு
தமிழை ஆங்கிலமாக்கித் தருகிறேன், மணிக்கு இவ்வளவு என்று.
கால்மணி நேரம் ஒன்றரை வரி ஆவது எப்படி என்று
என்னைக் கேளுங்கள்.
போன பங்குனியில் ஒருவர்
தம்பியைக் கூட்டிப்போன இரவைச் சொன்னார்.
தட்டில் பாதி இடியாப்பம் மிச்சம் இருந்ததை,
வேனின் ஒரு கதவு மட்டும் வேறு நிறமாய் இருந்ததை,
ஒற்றைச் செருப்போடு அவன் ஏறியதை.
நேரமாகிவிட்டது, சுருக்கமாக, என்றார்கள்.
‘ஒரு வேன் வந்தது’ என்றேன்.
அது எந்தக் கோப்பில்
எத்தனையாவது தாளோ.

விளக்கு எந்த உயரத்தில் இருந்தது, ஆ கிட்?
நடந்ததா, ஒரே இடத்தில் நின்றதா?
கையை வீசியது
யாரோ ஓடியதைக் காட்டத்தானே?
சிரித்தவர்களில் ஒருவன்
வீட்டுக்குப் போய்
சாவி இல்லாமல் கதவை எப்படித் திறந்தான்?
இதுவும் ஊகம்தான். இதையும் அழிக்க வேண்டும்.

கடைசி அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன்.
அதில் கொலைகாரன் பெயர் இல்லை.
பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் இருக்கிறது.
லோர்னா பதில் போடவில்லை.

புதன்கிழமை ஒன்பது மணி, முதல் அழைப்பு.
ஒரு அம்மா பேசிக்கொண்டே போகிறார்,
ஒரு கோழியில் தொடங்கி.
சாராம்சம் போதும் என்கிறது ஆங்கிலக் குரல்.
‘மன்னிக்கவும்,
அவர் இன்னும் முடிக்கவில்லை’ என்கிறேன்.
மறுமுனையில்
யாரோ பேனாவை மேசையில் வைக்கும் சத்தம்.