வடக்குச் சுவர்

தீபாவளிக்குள் சிவந்துவிடும் என்றான்
யமுனைக்கரை நர்சரிக்காரன்.
நூற்றெண்பது ரூபாய். பேரம் பேசவில்லை.
எந்தத் தீபாவளி என்று கேட்டிருக்க வேண்டும்.

மயூர் விஹாரில் தரைத்தளம்.
பின்சுவரோரம், ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடத்தில்
முழங்கை ஆழம் குழி.
முதல் வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்தது.
மறுவருஷம் விரல் முளைத்தது,
பல்லிக்கு இருப்பதுபோல் நுனி தட்டையாய்.
பிய்த்துப் பார்த்தேன்.
சுண்ணாம்போடு வந்தது.

ஐந்தைந்தாய் இலை. அத்தனையும் பச்சை.
காற்றின் கணக்கு நானூறைத் தாண்டிப்
பள்ளிக்கூடங்களை மூடிய வாரத்தில்
பச்சைமேல் சாம்பல்.
அப்புறம் ஒருநாள் பழுப்பு, மறுநாள் தரை.

இலையுதிர்காலத்தைப்
பரீட்சைக்குப் படித்தவள் நான்.
கோவில்பட்டி வேம்பு
உதிர்த்த கையோடு துளிர்த்துவிடும்,
இடையில் ஒரு பருவம் நுழைய இடமிராது.

நான்காம் வருஷம் என் சன்னலைக் கடந்து போயிற்று.
முதல் மாடி கோட்வானி சொசைட்டிக்கு எழுதினார்:
பூச்சு உதிர்கிறது, பல்லி வருகிறது.
என் இந்தியில் பதில் எழுதினேன்,
கொடியை ஆணாக்கி, சுவரை ஆணாக்கி:
பல்லி முன்பே இருந்தது.

மார்கழி பிறந்து நாலாம் நாள்,
மூன்றாம் மாடி ஷாலு நேகி
இரவுப் பணி முடித்த யூனிஃபார்மோடு
மேலிருந்து கூப்பிட்டாள்.
வாங்க தீதி, செருப்போடயே வாங்க.

மொட்டைமாடி.
கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்பக்கம் கவிழ்ந்து
தெற்கே முகம் காட்டிய பத்தடி.
பீட்ரூட். இல்லை.
அறுத்த மாதுளை. அதுவும் இல்லை.
வெயிலுக்கு எதிரே கையை விரித்தால்
விரலிடுக்கில் ஒரு நிறம் தெரியுமே,
அது.

எங்க கின்னவுர்ல பாறை முழுக்க இதுதான் என்றாள்.
அங்கே என்ன பெயர் இதற்கு?
பெயரா? ஆடு தின்னும்.

வேர் என் நிழலில்.
சிவப்பு, அவள் துணி காயும் கொடிக்குப் பக்கத்தில்,
இரண்டு வெள்ளைக் காலுறைகளுக்கு நடுவே.
அவள் தூங்கப் போனாள்.
நான் ஆபீசுக்கு அரைநாள் சொல்லிவிட்டு
அங்கேயே நின்றேன், செருப்போடு.

வாரம் திரும்புவதற்குள் கொட்ட ஆரம்பித்தது.
முதலில் இலை மட்டும் கழல்கிறது,
காம்பு அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கிறது
தீக்குச்சி மாதிரி, பல நாள்,
செய்தி இன்னும் எட்டாததுபோல்.
விழுந்ததெல்லாம் என் முற்றத்தில்.
பெருக்குகிறேன், சிலதை விட்டுவிட்டு.

கோட்வானி மறுபடி எழுதியிருக்கிறார்.
இந்த முறை பல்லி இல்லை, பூச்சு இல்லை,
அவர் பால்கனியில் சேரும் குப்பை.
அந்தச் சொல்லுக்கு முன்னால்,
வரி முடிந்தபின் நுழைத்த சின்ன எழுத்தில்,
சிவப்பு
என்று சேர்த்திருக்கிறார்.