முந்துபவர் விலக வேண்டும்

விதிப்புத்தகத்தில் சின்ன வரிதான்:
முந்திச் செல்பவர் விலகிச் செல்ல வேண்டும்.
முந்தப்படுபவர் போகிற போக்கை மாற்றக் கூடாது,
வேகத்தையும்.
எழுதியவருக்குக் கப்பல்களைத் தெரிந்திருக்கிறது.
கப்பலோட்டிகளைத் தெரியவில்லை.

அதிகாலை மூன்று பத்து.
பாசிர் பாஞ்சாங்கில், குளிரூட்டிய மாடியில்
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உலகத்தைப் பார்க்கிறேன்:
கறுப்புத் திரையில் பச்சை முக்கோணங்கள்,
ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம்.

முன்னால் போவது எரிவாயுக் கப்பல்.
கிழடு என்று சொல்ல முடியாது, பழகியது.
இந்தத் தண்ணீரை வரைபடத்தில் வைத்ததே
தன் வீட்டார்தான் என்கிற நடை.
பின்னால் வருவது போன வருடம் இறங்கியது.
வயிற்றில் எட்டாயிரம் மின்சாரக் கார்கள்,
இன்னும் யாரும் உட்காராத இருக்கைகள்.
இரண்டிலும் பறப்பது பனாமா கொடி.
யாருடையவை என்று கேட்காதீர்கள்,
கடலில் எல்லாருக்கும் தெரியும்.

அழைத்தேன்.
முன்னவர் குரலில் அவசரமே இல்லை.
"முப்பது வருடமாக இதே வழி, அம்மா.
நான் எதையும் மாற்றுவதாக இல்லை."
விதிப்படி சரி.
பின்னவர் சொன்னார்:
"இடம் இருக்கிறது. கணக்குப் போட்டாயிற்று."
கணக்கும் சரிதான்.
இருவரும் சரியாக இருக்கும்போதுதான்
நீரிணை குறுகுகிறது.

அவர்களுக்கு முன்னே பத்து பெர்ஹந்தி.
பத்து என்றால் எண் இல்லை, மலாயில் கல்.
நில் என்கிற கல்.
பெயர் வைத்த நாளிலிருந்து
ஒருவரும் நின்றதில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

இரண்டு புள்ளிகள் இத்தனை நெருங்கினால்
இந்த அறையே அலற வேண்டும்.
அலறவில்லை.
பூன் கியட் என்னைப் பார்த்தார்.
நான் சுரையாவைப் பார்த்தேன்.
சுரையா கோப்பியைக் கீழே வைத்துவிட்டு
என் மேசையைப் பார்த்தாள்.
பதினொன்றரைக்கு மணியை அமுக்கி வைத்தது நான்தான்,
ஓயாமல் கத்துகிறது,
ஒருநாளும் ஒன்றும் நடப்பதில்லை என்று.

மெத்தனம் என்று சொல்ல வாய் வரவில்லை.
நல்ல சம்பளம், நல்ல கருவி,
பத்தொன்பது வருடத்தில் ஒரு கீறல் இல்லை.
மெத்தை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.
மின்தூக்கி நின்றால் இருபது நிமிடத்தில் ஆள் வரும் ஊர்.
பெய்கிற மழைக்கு வடியத் தெரியும் ஊர்.
கடலையும் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று
யீஷூனில் பதினான்காம் மாடியில்
என் மகன் தூங்குகிறான்.
அந்த யாரோ நான்.

மேடையில் யானை என்பார்கள், புல் என்பார்கள்.
புல்லுக்காவது நசுங்குவது தெரியும்.
நாங்கள்
யானை நடக்கிற தரைக்கு வாடகை வாங்குகிறவர்கள்.

பெயர் சொல்லி, திசை சொல்லி, பாகை சொல்லிக் கத்தினேன்.
நாற்பது நொடி வெறும் இரைச்சல்.
பிறகு யாரோ ஒருவர் ஐந்து பாகை திரும்பினார்.
நான்தான் என்று இருவரும் சொல்லவில்லை.
யார் என்று திரைக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும், சொல்ல மாட்டேன்,
இரண்டும் இங்கேதான் எண்ணெய் நிரப்புகின்றன.

இடைவெளி 0.18 கடல் மைல்.
பதிவேட்டில் ஒன்றரை வரி,
முடிவில் 'நிலைமை சீர்'.

ஏழரைக்கு உணவங்காடியில்
பூன் கியட் நாலு நம்பர் சீட்டை நிரப்பினார்:
0180.
இவ்வளவு கிட்டே வந்த எண்
கையில் விழாமலா போகும் என்றார்.
சுரையா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.
எனக்கும் ஒன்று என்று
இரண்டு வெள்ளி நீட்டினேன்.

அமுக்கிய மணியின் வாயைத்
திறந்துவிட்டு வந்தேனா என்பது
பீஷானில் ரயில் மாறும்போதுதான்
நினைவுக்கு வந்தது.